ஸ்டியரிங் இல்லாத வலது சீட்டு

வலது சீட்டுப் பிள்ளைகளே, உங்களைத்தான். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறோம். சந்தித்தால் முழங்கால் வலி, சர்க்கரை மாத்திரை என்று பேச்சே மாறிவிட்டது. ஆனாலும் தொண்ணூறுகளில் மெட்ராஸ் தெருக்களில் ஓடிய அந்த ஏழெட்டு ஜப்பான் கார்களில், ஸ்டியரிங் இல்லாத வலது முன் சீட்டில் உட்கார்ந்து போனவர்கள் நாம் மட்டும்தான். நமக்குள் சொல்லிக்கொள்ளாமல் இதை நான் வேறு யாரிடம் சொல்வது?

மற்றவர்கள் யாராவது படித்தால் முழிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் ஊரில் கார் ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்காருவார். வளைகுடா நாடுகளில் இடது பக்கம். அங்கே சம்பாதித்து, அங்கே வாங்கிய காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு ஸ்டியரிங் இடது பக்கமாகவே வந்து சேர்ந்தது. காரின் பின்னால் சிவப்பு எழுத்தில் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதி வைத்திருப்பார்கள். முன்னால் ஒரு பஸ்ஸோ லாரியோ போனால், இடது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே வருவது ஒன்றும் தெரியாது. வலது சீட்டில் ஒருவர் உட்கார்ந்து எட்டிப் பார்த்து, முந்தலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு அந்த வேலை பிள்ளைகள் தலையில்தான் விழுந்தது.

எங்கள் அப்பா மஸ்கட்டில் சர்வேயர். நான் பிறந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிற மனிதர். மீதி நாளெல்லாம் அவர் எனக்கு ஒரு கேசட். 'நல்லா படிக்கிறியாம்மா' என்று அதில் கேட்பார், நான் டேப் ரிக்கார்டரைப் பார்த்துத் தலையாட்டுவேன். நான் ஏழாவது படிக்கும்போது, ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லி ஒரேயடியாக மயிலாப்பூர் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துத் துறைமுகத்திலிருந்து கார் வந்தது.

சாம்பல் நிறம். கதவைத் திறந்தால் அத்தரும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை வரும். சீட்டெல்லாம் மெரூன் வெல்வெட். பின் கண்ணாடியை ஒட்டித் தங்க நிறத்தில் ஒரு டிஷ்யூ பெட்டி. கடிகாரத்தில் எண்கள் பச்சையாக எரியும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி தானாக இறங்கும், நான் அதையே நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருந்தேன். ஏசி போட்டு நிறுத்தினால் அடியில் தண்ணீர் சொட்டும். எதிர் வீட்டுக்காரர் பதறிப் போய் ஓடி வந்தார். "சார், வண்டி ஒழுகுது சார்!" அப்பா அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தெரியாதா என்ன! அப்பாவுக்கு அந்தக் கம்பெனி மேல் அப்படி ஒரு பக்தி. சாப்பிடும்போது அதன் சரித்திரம் ஓடும். "மொதல்ல தறி செஞ்சவங்கம்மா அவங்க. நூல் அறுந்தா தறி தானா நின்னுடணும்னு ஒருத்தர் யோசிச்சு செஞ்சாரு. அவரு மகன்தான் காருக்கு வந்தாரு. ஒரு அமெரிக்கா காரை வாங்கி, அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுப் போட்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவா பாத்துக் கத்துக்கிட்டாங்களாம்."

அம்மா விடுவாளா? "தறி செஞ்சவங்க தறியோட நின்னிருக்கலாம். ஒரு ஹெட்லைட் கண்ணாடிக்கு ஊரெல்லாம் அலையறோம்."

அதுவும் உண்மைதான். ஆயில் ஃபில்டர் வேண்டுமென்றால் மஸ்கட்டிலிருந்து யாராவது விடுமுறைக்கு வர வேண்டும். பால் பவுடர் டின்னுக்கும் சோப்புக்கும் நடுவில் லுங்கியில் சுற்றி அது வரும். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் புதுப்பேட்டையில் கடை கடையாகக் கேட்டால் சிரித்தார்கள். "இந்த வண்டி இன்னும் ஒடையவே ஆரம்பிக்கல சார். பத்து வர்சம் கயிச்சி வாங்க."

வலது சீட்டில் முதலில் உட்கார்ந்தது அம்மாதான். மௌபரீஸ் ரோட்டில் ஒரு லாரியை முந்த அப்பா "வரலாமா?" என்று கேட்க, அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு "முருகா!" என்றாள். "முருகான்னா வரலாமா, வேணாமா?" என்று அப்பா கேட்டார். மறுநாளிலிருந்து அந்த சீட்டு என்னுடையது.

எங்கள் வீட்டில் இரண்டே வார்த்தை. 'வா' என்றால் முந்தலாம். 'இரு' என்றால் காத்திருக்க வேண்டும். சிக்னலில் நின்றால் பக்கத்து ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கைத் தேடுவார். லஸ் முனையில் ஒரு அம்மாள் "ஐயய்யோ, கொயந்த ஓட்டுது!" என்று அலறியே விட்டார். நான் அதையெல்லாம் ராணி மாதிரி வாங்கிக்கொள்வேன். பன்னிரண்டு வயது வரை தூரத்தில் இருந்த அப்பா, இப்போது என் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறார். நான் 'வா' என்றால்தான் வருகிறார். எனக்கு அப்பா கிடைத்தது அந்த சீட்டில்தான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், அப்புறம் என்னைத் திட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் நாம் கூடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? அப்பாக்கள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ரேடியேட்டரில் எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். சவுதியிலிருந்து வந்த ஒருவர் தன் காரை ரோஜா நிறத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். நாம் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டு, யார் வீட்டில் என்ன வார்த்தை என்று பீற்றிக்கொள்வோம். ஒரு வீட்டில் 'ஓகே', ஒரு வீட்டில் 'சலோ', இன்னொரு வீட்டில் தொடையில் தட்டினால் போதும்.

அந்த வருடம் மழை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் கச்சேரி ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் நான் பார்த்தேன், காலியாக இருந்தது. 'வா' என்றேன். சடாரென்று இடது பக்கம் ஏதோ உரசியது. ஒரு கொய்யாப்பழ வண்டி சாய்ந்து, பழங்கள் மழைத் தண்ணீரில் உருண்டு ஓடின. வண்டிக்காரம்மா அப்பாவின் ஜன்னலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னாய்யா, மல மாதிரி எதுர்ல நிக்கிறேன், இட்ச்சிக்கினு போற!"

அப்பா இறங்கி, மழையில் நனைந்துகொண்டே பழங்களைப் பொறுக்கிக் கொடுத்தார். காலடியில் கிடந்ததை விட்டுவிட்டு எட்டத்தில் இருந்ததைப் பொறுக்கினார். நான் அதைப் பார்த்தேன். திரும்ப வந்து உட்கார்ந்ததும், "நீ ஏம்மா சொல்லலை?" என்றார்.

"அது உங்க பக்கம்ப்பா."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இனிமே ரெண்டு பக்கமும் நீயே சொல்லிடு. என்ன?"

சரியென்றேன்.

"அம்மாகிட்ட இதெல்லாம் வேணாம். பயந்துக்குவா."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பாவும் நானும் மட்டும் வைத்துக்கொண்ட ஒரு ரகசியம்! அன்றிலிருந்து வலதும் நான், இடதும் நான். கொஞ்ச நாளில் சிக்னலும் நான். "சிவப்புப்பா", "பச்சைப்பா", "ஆடு நிக்குது", "ஸ்கூட்டர், ஸ்கூட்டர்". நந்தனம் சிக்னலுக்குள் வாய் உலர்ந்துவிடும்.

அடுத்த ஞாயிறு கடற்கரையில் பீற்றிக்கொள்ளப் போனேன். "நீங்கல்லாம் ஒரு பக்கம்தான். நான் ரெண்டு பக்கமும் சொல்வேன், தெரியுமா?" உங்களில் ஒருத்தி, இரட்டைப் பின்னல் போட்டவள், விழுந்து விழுந்து சிரித்தாள். "லூசு, லெஃப்ட்டு உங்கப்பா பக்கம். அவருக்கே தெரியாதா?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அன்றைக்குச் சுண்டலைப் பாதியிலேயே மடித்து வைத்துவிட்டேன். இரட்டைப் பின்னல்காரி, இதை நீ படித்தால் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. அன்றைக்கு உண்மையைச் சொன்னவள் நீ ஒருத்திதான்.

அதற்குப் பிறகு நான் அப்பாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். பேப்பரில் பொடி எழுத்தைக் கூடக் கண்ணாடி இல்லாமல் படிப்பார். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துத் தருவார். யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் நடக்கும்போது வாளியை உதைத்துவிடுவார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். பக்கத்திலேயே வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார். "பன்னெண்டு வருஷம் பாலைவனத்துல நடந்த மனுஷன், நம்ம வீட்டுல நடக்கத் தெரியலை" என்று அம்மா கேலி செய்வாள். அப்பாவும் சிரிப்பார். நான் மட்டும் வாளியை ஓரமாக நகர்த்தி வைப்பேன்.

காரில் கீறல்கள் கூடிக்கொண்டே போயின. ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் மெக்கானிக் பாயின் பட்டறை. அந்தக் காரை நம்பித் தொட்டவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். அப்பா எதிர்க்கடைக்குச் சிகரெட் வாங்கப் போயிருந்தார். பாய் காரைச் சுற்றி வந்து, கீறல்களின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனார். அப்புறம் என் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"பாப்பா, ரைட்ல கோடு வியுந்தா சரி, லெஃப்ட் ஹேண்டு வண்டி, தெரியாம பூட்சுன்னு வச்சிக்கலாம். லெஃப்ட்ல எப்டி இம்மாங்கோடு? அது அப்பா ஒக்காந்துகினு கீற சைடாச்சே."

"நான்தான் பாய் தப்பு தப்பா சொல்லிட்டேன்."

எப்படி அத்தனை சுருக்காக அந்தப் பொய் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வண்டிக்கு நான் பெயின்ட் அட்ச்சிக் குட்த்துடுவேன். கண்ணுக்கு யாரு அடிப்பா? வூட்ல அம்மாண்ட சொல்லு பாப்பா. டாக்டராண்ட இட்டுகினு போவட்டும்."

அப்பா வருவது தெரிந்தது. நான் உரக்கச் சொன்னேன். "அப்பா, கீறலுக்கெல்லாம் நான்தான் காரணம்னு பாய்கிட்ட சொல்லிட்டேன்ப்பா." அப்பா நின்றார். பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்து, "சின்னப் பொண்ணுதானே பாய், பழகிடுவா" என்றார். திரும்பி வரும் வழியில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். பெரிய கிளாஸ்.

அதே கதையை அவர் அம்மாவிடமும் சொன்னார். அம்மா என் காதைப் பிடித்துத் திருகினாள். "எங்கடி இருக்கு உன் கவனமெல்லாம்? ஊருக்கு வந்த மனுஷனை இப்படிப் பாடாப்படுத்தறியே!" வலியை விட, அப்பா என்ன சொல்வார் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்தபடி சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து முடித்த சாதத்தை மறுபடி பிசைந்தார்.

கவனமில்லாதவள் என்று அன்றைக்கு எனக்கு வந்த பெயர், கல்யாணம் பேசும்வரை வீட்டில் நிலைத்தது. அதெல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை. பாய் சொன்னபடி அம்மாவிடம் சொல்லிவிட்டால், அப்பாவிடமிருந்து காரைப் பிடுங்கிவிடுவார்கள், எனக்கு அப்பா மறுபடியும் கேசட் ஆகிவிடுவார் என்று நினைத்தேன். அதுதான் என் பயம். கண் என்று ஒன்று போய்க்கொண்டிருக்கிறது, போனால் திரும்பாது என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. பன்னிரண்டு வயது புத்தி அவ்வளவுதான்.

கார்த்திகைக் கடைசியில் வடபழனி கோயிலில் உறவுக்காரர் ஒருவருக்குக் கல்யாணம். காலை முகூர்த்தம். வரிசைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மா, "நீ பின்னாடி உக்காரு, பட்டுப் பாவாடை கசங்கிடும். இன்னைக்கு நான் பாத்துக்கறேன்" என்று முன்னால் ஏறிவிட்டாள். அப்பா ஒரு கணம் தயங்கினார். நானும் தயங்கினேன். பிறகு பின்னால் ஏறிக்கொண்டேன்.

கோபாலபுரம் தாண்டும்வரை, நான் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, வேடிக்கை பார்ப்பது போல் "பால் வண்டி போகுது", "நாய் பாருங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "ஒழுங்கா சாஞ்சு உக்காருடி, தொணதொணன்னு" என்று அம்மா அதட்டினாள். சாய்ந்து உட்கார்ந்தேன்.

பனகல் பார்க் பக்கம் திரும்பினோம். இடது பக்கம், அப்பாவின் ஜன்னலை ஒட்டி, கேரியர் கூடை மாட்டிய ஒரு சைக்கிள். எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்பா இடது பக்கமே ஒடித்தார். 'லெஃப்ட்ல சைக்கிள்' என்பது இரண்டே வார்த்தை. சொன்னால், 'அது அவரு பக்கமாச்சே, நீ எதுக்குச் சொல்றே' என்று அம்மா கேட்பாள். ஒரு மூச்சு நேரம் அதை யோசித்தேன். அந்த ஒரு மூச்சில் சைக்கிள் விழுந்துவிட்டது.

நல்லவேளை, அந்த ஆளுக்கு முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. கூடையிலிருந்த டிபன் கேரியர்கள் எல்லாம் திறந்து, ரோடு முழுக்க ரசமும் சோறும். கூட்டம் சேர்ந்துவிட்டது. சைக்கிள்காரர் எழுந்து வந்து, எல்லோரும் ரோட்டில் கேட்பதைத்தான் கேட்டார். "கண்ணு தெர்ல உனக்கு?"

அப்பா பட்டு வேட்டியோடு, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரியலைப்பா" என்றார்.

"இன்னா, நக்கலா?" என்று யாரோ கையை ஓங்கிக்கொண்டு வந்தார்கள்.

"இல்லப்பா. நெஜமாவே தெரியலை. ரொம்ப நாளாவே சைடுல ஒண்ணும் தெரியலை."

ஓங்கிய கை இறங்கிவிட்டது. வரிசைத் தட்டைக் கையில் பிடித்தபடியே அம்மா இறங்கி வந்திருந்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான், நடுரோட்டில், இருபது பேர் பார்க்க.

கண் டாக்டர் ஒரு பெண்மணி. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்றார். முதலில் ஓரங்கள் போகும், நடுவில் மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் தெரியும், கடைசியில் அதுவும் போகும். "சொட்டு மருந்து இருக்கு. ஆனா போனது வராது. இந்த மழை ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா மிச்சத்தைக் காப்பாத்தியிருக்கலாம். வீட்டுல ஒருத்தருக்குமா தெரியலை?"

"சத்தியமா யாருக்கும் தெரியாதுங்க" என்றாள் அம்மா. நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஒப்பந்தம் முடியவில்லை என்பதும், மஸ்கட்டில் கண் பரிசோதனையில் தேறாமல்தான் அவரை அனுப்பினார்கள் என்பதும் பிற்பாடு அவர் பெட்டியிலிருந்த ஒரு காகிதத்தில் தெரிந்தது. ஆக, அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. பன்னிரண்டு வருட உழைப்புக்குக் காட்டிக்கொள்ள அவரிடம் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டால் வெறுங்கையோடு வந்த ஆள் ஆகிவிடுவார் அல்லவா? சினிமா படப்பிடிப்புக்குக் கார் கொடுக்கும் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். தெருமுனை வரை அப்பா அது போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். அதற்குள் அவருக்குக் குழாயும் சிறுத்துவிட்டது. காரின் ஏசியும் கறுப்புக் கண்ணாடியும்தான் கண்ணைக் கெடுத்தன என்று அம்மா இன்றுவரை நம்புகிறாள். நான் மறுத்ததில்லை.

அதற்குப் பிறகு அப்பா இருபது வருடம் இருந்தார், முழு இருட்டில். அந்த மழைக்காலத்தைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் போவதற்கு முந்திய வருடம் ஒரு மத்தியானம், நான் அவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். டம்ளரை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாதாரணமாக, கோபமே இல்லாமல் சொன்னார்.

"நீயாவது அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்மா."

எனக்கு அன்றைக்குப் பன்னிரண்டு வயதுப்பா என்று சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்றது நீங்கள்தானே என்று கேட்டிருக்கலாம். எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகம் என் குரல் வரும் திசைக்காகக் காத்திருந்தது.

"ஆமாம்ப்பா, சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சரி, விடு" என்றார். அவர் என்னை மன்னித்துவிட்டார்.